இறையிலி நாற்காலிகள்

வணிகவரி அலுவலகத்திலிருந்து அக்காவின் பெயருக்கு வந்த அறிவிப்பில் இருந்த தேதி 11.8.2014. பதிவுத் தபாலில் எங்கள் கைக்கு வந்தது சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள். 2012–13 நிதியாண்டில் வரிவிலக்குப் பெற்றதாகக் காட்டியிருக்கும் விற்பனைக்கு ஆதாரம் போதவில்லை, அதற்கு வரியும் அபராதமும் ஏன் விதிக்கக் கூடாது என்று பதினைந்து நாளுக்குள் பதில் தரவும் என்பது அதன் சாரம். தேதிகளை அன்றன்றே குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அன்று இரவு என் குறிப்பில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "அக்கா சாப்பிடவில்லை."

அக்காவின் கடை நெய்வேலி நகரியத்துக்கு வெளியே, வடக்குத்துக்குப் போகும் சாலையில் இருந்தது. வீட்டில் வைத்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தேவையான சாமான்கள்: சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல், காற்று மெத்தை, ஆவி பிடிக்கும் கருவி, உயர்த்தி இறக்கும் கட்டில். மாமா நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனன்ட், அதாவது நிரந்தரத் தொழிலாளியாக இருந்தவர். மாரடைப்பில் போனார். கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்து வெளியே வந்த அக்கா, வந்த பணத்தில் வடக்குத்தில் இரண்டு அறை வீடும் இந்தக் கடையும் வைத்தாள். பில் எழுதுவது அவள். நான் நகரியத்துப் பள்ளியொன்றில் எழுத்தர். மாதாமாதம் வரிக் கணக்கைத் தாக்கல் செய்வது என் வேலை.

அன்றைய சட்டப்படி மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் சாதனங்களுக்கு வரி கிடையாது. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், வாக்கர் அந்தப் பக்கம். மெத்தையும் கட்டிலும் வரியுள்ள பக்கம். இரண்டையும் தனித்தனிப் புத்தகத்தில் எழுதினோம். இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்திருந்தோம்.

அறிவிப்பின் இரண்டாம் பக்கத்தை அக்கா திரும்பத் திரும்பப் படித்தாள். "என் பேரை எவ்வளவு சரியா எழுதியிருக்காங்க பாத்தியா? இனிஷியலோட. ரேஷன் கார்டுலகூட தப்பாத்தான் இருக்குது" என்றாள். பிறகு, "வூட்ட எடுத்துக்குவாங்களாடா?" என்று கேட்டாள். கடைக்கு வரிப் பதிவு எண் வாங்கும்போது சொத்து விவரம் என்ற இடத்தில் அந்த வீட்டைத்தான் எழுதியிருந்தோம். எழுதியது என் கையெழுத்து. "அவ்வளவு தூரம் போவாது அக்கா" என்றேன். எனக்குத் தெரியாது.

அலுவலகம் மாவட்டத்துக்குள் வேறோர் ஊரில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. அதிகாரி நிதானமானவர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு பில் புத்தகத்தை மெதுவாகப் புரட்டினார்.

"பிளாக் இருபத்தொண்ணு, டைப் ஒன், இன்ன நம்பர். அடுத்தது பிளாக் ஒம்பது, டைப் டூ. அடுத்தது பிளாக் பதினஞ்சு. வாங்குனவர் பேரு எங்கம்மா?"

"டவுன்ஷிப்புல அப்படித்தாங்க சார். குவார்ட்டர்ஸ் சொன்னா ஆளு யாருன்னு தெரிஞ்சிடும்" என்றாள் அக்கா.

"சக்கர நாற்காலி யாருக்கு? குவார்ட்டர்ஸுக்கா கால் வராது?"

பக்கத்தில் நின்ற கடைநிலை ஊழியர் சிரித்துவிட்டார். அக்கா விடவில்லை. "வராதுங்க சார். வந்திருந்தா ரிட்டயர் ஆயிப் போறவங்க பின்னாடியே அதுவும் போயிருக்குமே."

அதிகாரியும் சிரித்தார். ஆனால் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடவில்லை. மருத்துவமனையோ கம்பெனியோ பொது உபயோகத்துக்கு வாங்கினால் விலக்குக் கிடையாது, மாற்றுத்திறனாளி ஒருவர் பயன்படுத்துகிறார் என்று தெரிந்தால்தான் விலக்கு என்றார். அது சட்டத்தின் வாசகமா, அவர் அதைப் படித்த விதமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. பிறகு ஐந்து பில்களில் வட்டம் போட்டு எங்கள் பக்கம் திருப்பினார். ஐந்தும் சக்கர நாற்காலி. ஐந்தும் இருபத்தோராம் பிளாக்கில் ஒரே குவார்ட்டர்ஸ்.

"டைப் ஒன்னுல ஒரு ரூமு, ஒரு ஹாலு. அதுல அஞ்சு சக்கர நாற்காலியா?"

அக்கா அந்த ஐந்து வட்டங்களையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்மா. இந்த அஞ்சும் பொய்னா மத்ததும் பொய்னு எடுத்துக்குவேன். இந்த வருசம் மட்டும் இல்ல, முன்னாடி வருசம் பின்னாடி வருசம் எல்லாம் திறப்பேன். மத்தவங்ககிட்ட கிடைச்ச மட்டும் கடிதம் வாங்கிட்டு வாங்க. இந்த அஞ்சு பேரு கட்டாயம் வேணும். பேரு, விலாசம், ஊனத்துக்குச் சான்று. விலாசம் பில்லோட ஒத்துப் போகணும்."

மூன்று வருட விலக்கும் போய், அதன் மேல் அபராதமும் சேர்ந்தால், கடைச் சரக்கு முழுவதையும் விற்றாலும் தேறாது. மிச்சத்துக்கு வீடுதான். இந்தக் கணக்கைப் பேருந்தில் நான் சொல்லவில்லை. அக்காவே போட்டுவிட்டாள் என்பது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது.

அந்த ஐந்து பில்லின் விஷயத்தை வழியில்தான் அவள் சொன்னாள். வாங்கிய ஐந்து பேரும் வடக்குத்துக்காரர்கள். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்யும் குடும்பங்கள். அந்தக் குவார்ட்டர்ஸ்காரர் அவர்களை வேலை வாங்கும் பர்மனன்ட். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. டி.வி., மிக்சி, சைக்கிள் என்று எதைத் தவணையில் எடுத்தாலும் கடைக்காரர்கள் கான்ட்ராக்ட் ஆளிடம் ஒரு பர்மனன்ட் விலாசம் கேட்பார்கள். கதவு எண் இல்லாத வீட்டை யார் நம்புவது? அப்படிக் கேட்டுக் கேட்டு, விலாசம் என்றாலே அந்தக் குவார்ட்டர்ஸ் நம்பரைச் சொல்லப் பழகிவிட்டார்கள். அக்காவிடம் முழுப் பணமும் கொடுத்துத்தான் வாங்கினார்கள். அவள் விலாசம் என்று கேட்டாள்; அவர்கள் நம்பரைச் சொன்னார்கள்; அவளும் எழுதினாள்.

"ஆளு எங்க இருக்குறான்னு உனக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் அதை எழுதுன?"

"பில்லுக்கு விலாசம் வேணும்னு நீதானடா சொன்ன. அவங்களுக்கு இருந்த விலாசம் அதுதான்."

கால அவகாசம் கேட்டு மனு கொடுத்துவிட்டு, என் ஸ்கூட்டரில் நாங்கள் அலையத் தொடங்கினோம். நகரியத்தில் விலாசம் வேலைக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் கொடுத்துவிட்டுத் தேனிக்கும் நாகர்கோவிலுக்கும் போய்விடுகிறார்கள். அதே கதவு, அதே நம்பர், உள்ளே வேறு குடும்பம். நடக்க முடியாத அப்பா அம்மாவுக்காக நாற்காலி வாங்கியவர்கள் பெரும்பாலும் ஓய்வை நெருங்கியவர்கள். ஆகவே நாங்கள் தட்டிய கதவுகளில் முக்கால்வாசி புதியவர்கள் திறந்தார்கள்.

ஒன்பதாம் பிளாக்கில் ஒரு பெண் ஈரக் கையோடு வந்தாள். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். அக்கா பதற்றத்தில் முன்னுரையெல்லாம் விட்டுவிட்டு, "இந்த வூட்டுல நடக்க முடியாதவங்க யாருனா இருக்காங்களாம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

"ஏங்க, காலங்காத்தால வாயில நல்ல வார்த்தையே வராதா? இங்க யாருக்கும் கால் கெட்டுப் போகல. போங்க போங்க." கதவு சாத்தப்பட்டது. உள்ளிருந்து ஓர் ஆண் குரல் யாரென்று கேட்டது. "யாரோ, நொண்டி இருக்கானான்னு கேட்டுக்கினு வராங்க" என்று அவள் பதில் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

அக்கா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சட்டெனத் தெரியவில்லை.

புதியவர்கள் சொன்ன தகவலை வைத்து ஊர் ஊராகப் போனதில் சில இடங்களில் கடிதம் கிடைத்தது. நெல்லிக்குப்பத்தில், ஓய்வு பெற்ற ஒருவர், தன் அப்பா இறந்த பிறகு நாற்காலியைத் தங்கள் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, மருத்துவச் சான்றின் நகலோடு கடிதமும் எழுதித் தந்தார். திருவதிகையில் இன்னொரு வீட்டில் அந்த நாற்காலியின் மேல் முந்திரிக்கொட்டை மூட்டை உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர் அதைக் குடோனிலிருந்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அம்மா போனப்புறம் சும்மா கெடக்குதேன்னு..." என்று இழுத்தார்.

"மூட்டைக்கும் கால் இல்லதானே" என்றாள் அக்கா. "ஆனா ஆபீசருக்கு நீங்க அம்மாவுக்குன்னே எழுதிக் குடுங்க."

அவர் பழைய காகிதங்களைத் தேட நேரமானது. நான் கோயில் பக்கம் போய்விட்டு வந்தேன். கல்வெட்டுகள் பற்றி வாசித்தவர்களுக்கு இறையிலி என்ற சொல் தெரிந்திருக்கும். வரி நீக்கிக் கொடுத்த நிலம். அதன் கிழக்கு எல்லை, மேற்கு எல்லை, கிணறு, மரம் எல்லாவற்றையும் கல்லில் வெட்டுவார்கள். அதில் உழுதவன் யார் என்பதைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றபோது எங்கள் பில் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. நாங்களும் எல்லையைத் துல்லியமாக எழுதியிருந்தோம்: பிளாக், டைப், நம்பர். உட்கார்ந்தவரை விட்டுவிட்டோம். அந்தக் காலத்து ராஜா கேள்வி கேட்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

கடைசியாக இருபத்தோராம் பிளாக். குவார்ட்டர்ஸ்காரர் ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தவர். எங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுக்கச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார், சத்தமில்லாமல் கேட்க வேண்டும் என்பதுபோல.

"என் விலாசத்துல அஞ்சு பேரு இருந்தாங்கன்னு எழுதிக் குடுத்தா அது உங்க டாக்ஸ் ஆபீசோட நிக்குமா சார்? குவார்ட்டர்ஸ உள்வாடகைக்கு வுட்டேன்னு ஒரு விசாரணை வந்துச்சுன்னா? எனக்கு வர வேண்டியது எல்லாம் நிக்கும்."

"இருந்தாங்கன்னு எழுத வேணாங்க. விலாசம் குடுத்தாங்கன்னு எழுதுனா போதும்" என்றேன்.

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு வார்த்தைதான் சார் இருக்குது. விசாரணைக்கு வர்றவன் அந்த வார்த்தையத்தான் வுட்டுட்டுப் படிப்பான்."

அவர் அக்காவைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அவங்க என் நம்பரைச் சொல்றது எனக்குத் தெரியும். சொல்லக் கூடாதுன்னு நான் சொன்னதே இல்ல. எழுதித்தான் குடுக்க முடியாது" என்றார்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்க வூட்டக் காப்பாத்திக்க நீங்க சொல்றீங்க. என் வூட்டுக்காக நான் கேட்டேன். ரெண்டு பேரு மேலயும் தப்பு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். தெருவுக்கு வந்ததும் என்னிடம், "காப்பி நல்லா இருந்துச்சு இல்ல?" என்றாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெறுமை.

மிஞ்சியது அந்த ஐந்து குடும்பங்கள்தான். வடக்குத்தில் அக்கா வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒருவர் இறந்திருந்தார். ஒரு வீட்டில் பர்மனன்ட்காரருக்குச் சங்கடம் வரும் என்று வர மறுத்துவிட்டார்கள். மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள்: பக்கவாதம் வந்த ஒரு மூதாட்டி, தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன ஒருவர், இளம்பிள்ளை வாதம் வந்து வீட்டிலேயே தையல் வேலை செய்த ஓர் இளம்பெண். கடிதமும் எழுதித் தந்தார்கள். ஆனால் ரேஷன் கார்டில் இருந்த விலாசம் வடக்குத்து. பில்லில் இருந்தது குவார்ட்டர்ஸ். கடிதங்களைப் பார்த்த அதிகாரி, "ஒத்துப் போகலையேம்மா" என்று திருப்பிக் கொடுத்தார்.

"ஆளையே கூட்டிக்கினு வந்தா?" என்று கேட்டாள் அக்கா.

அவர் யோசித்தார். "கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார். மாடிப்படி இருப்பது அப்போது எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை.

குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்ன லாரி ஒன்றைப் பிடித்து, மூன்று நாற்காலிகளையும் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போனோம். கட்டடத்தின் கீழே வேப்பமரத்தடியில் இறக்கினோம். படி செங்குத்து, குறுகலானது. தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஓட்டுநர் சொன்னார். மூதாட்டி கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

தையல்காரப் பெண் அண்ணாந்து மாடி வராந்தாவைப் பார்த்தாள். அதிகாரி அங்கே நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்! நான் மேல வரட்டா, நீங்க கீழ வர்றீங்களா?"

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அதிகாரி இறங்கி வந்தார். வந்த பிறகு என்ன கேட்பது என்று அவருக்கே தெரியவில்லை. நாற்காலியைச் சுற்றிப் பார்த்தார். ஒரு நாற்காலியில் எங்கள் கடையின் ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது.

"நான் ஏறிக் காட்டணுமா, இறங்கிக் காட்டணுமா சார்?" என்றாள் அவள். "இறங்கிக் காட்டுனாத்தான் ருசு. ஆனா அப்புறம் நீங்கதான் தூக்கி வைக்கணும்."

"வேணாம்மா, இரு இரு." அவர் அவசரமாகச் சொன்னார்.

"ஏன் அந்தக் குவார்ட்டர்ஸ் விலாசம் குடுத்தே?" என்று பிறகு கேட்டார்.

"எங்க தெருவுக்குத் தபால்காரரே பேரக் கூப்ட்டுக்கினுதான் சார் வருவாரு. நம்பரு இருந்தாத்தானே சொல்றதுக்கு?"

கடைநிலை ஊழியர் ஒரு கோப்பு அட்டையும் தாளும் கொண்டு வந்தார். அதிகாரி கடைசிப் படியில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து எழுதினார். ஒவ்வொருவரின் பெயர், உண்மையான இருப்பிடம், உடல்நிலை, நாற்காலி வாங்கிய கடை, விலாசம் மாறிய காரணம். இருவர் கையெழுத்துப் போட்டார்கள். மூதாட்டிக்கு வலது கை எழாததால் இடது கைப் பெருவிரல் ரேகை. சாட்சியாக நானும் கையெழுத்திட்டேன். எழுந்தபோது அவர் அக்காவிடம், "பாக்கலாம்மா" என்றுதான் சொன்னார். ஆனால் குரல் மாறியிருந்தது. திரும்பும் வழியில் அக்கா எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தாள். அவளும் சாப்பிட்டாள். அன்றைய என் குறிப்பு நீளமானது. எத்தனை முறை படித்தாலும் அதில் நம்பிக்கை இருக்கிறது.

அந்த அதிகாரி அடுத்த மாதமே மாற்றலாகிப் போனார். உத்தரவு நவம்பரில் வேறொருவர் கையெழுத்தில் வந்தது. ஒரே விலாசத்துக்கு எழுதப்பட்ட பில்களில் வாங்கியவரின் அடையாளம் நிறுவப்படவில்லை. ஆகவே விலக்குக் கோரிக்கை முழுவதும் நம்பத்தக்கதல்ல. மரத்தடியில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் நேரில் போய்க் கேட்டேன். புதியவர் கோப்பில் இருப்பதை வைத்துத்தான் எழுத முடியும் என்றார். கோப்பைக் காட்டச் சொன்னேன். மேல்முறையீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

மேல்முறையீடு செய்யவும் வரியில் ஒரு பகுதியை முதலில் கட்ட வேண்டும். அக்கா வீட்டைப் போக்கியத்துக்கு விட்டாள். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, வாடகையில்லாமல் இன்னொரு குடும்பத்தைக் குடிவைப்பது. அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு, அவள் கடையின் பின்பக்கம் குடிவந்தாள். விற்காத கட்டிலொன்றில் படுத்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "என்ன பாக்குற? தலப்பக்கத்த ஏத்தி வச்சிக்கினா பேப்பர் படிக்க வசதியா இருக்குது. எந்தப் பணக்காரன் வூட்டுல இருக்குது இது?" என்றாள். வடக்குத்துத் தெரு வழியாகப் போவதை மட்டும் விட்டுவிட்டாள். பேருந்து நிறுத்தத்துக்குச் சுற்றிக்கொண்டு போனாள்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. சக்கர நாற்காலிக்கும் ஐந்து சதவீதம். விலக்கு இல்லை என்றாகிவிட்டதால் அதை நிரூபிக்கும் வேலையும் இல்லை. அக்கா பேரெழுதி, தகப்பன் பேரெழுதி, தெருவெழுதி, போன் நம்பரும் வாங்கித்தான் பில் போட்டாள். "இப்ப எழுதி என்னக்கா?" என்றேன். "இப்பத்தான்டா கை திருந்திச்சு" என்றாள்.

பழைய வழக்கு மட்டும் பழைய சட்டத்திலேயே கிடந்தது. மேல்முறையீட்டு உத்தரவு 2018 மார்ச்சில் வந்தது. தோல்வியில்லை, வெற்றியும் இல்லை. அந்த ஐந்து பேரின் விவரத்தை மீண்டும் சரிபார்த்துப் புதிதாக முடிவெடுக்கும்படி அதே அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் மகிழ்ந்தேன். உடனே வடக்குத்துக்குப் போய் விசாரித்தேன். மூதாட்டி முந்தைய வருடமே இறந்திருந்தார். தென்னையிலிருந்து விழுந்தவரைத் திருப்பூருக்கு மகன் கூட்டிப் போய்விட்டார். தையல்காரப் பெண் மட்டும் இருந்தாள். "எப்ப வேணாலும் வரேங்க. குட்டியானை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அக்காவிடம் வந்து சொன்னேன். புதிதாக மருத்துவச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுகளின் கடிதம் எல்லாம் வாங்கிவிடலாம், ஒரு மாதம் அலைந்தால் போதும் என்றேன். அவள் கட்டிலின் கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, அதில் உட்கார்ந்தாள்.

"அந்தம்மா செத்துப்போன வூட்டுல போயி, உங்க அம்மா நடக்க மாட்டாங்கன்னு எழுதிக் குடுங்கன்னு இன்னொரு வாட்டி கேக்கச் சொல்றியா?"

"வூடு போயிரும் அக்கா."

"அது எப்பவோ போயிடுச்சுடா. நீதான் இன்னும் அலையுற."

நாங்கள் புதிதாக எதுவும் கொடுக்காததால் அலுவலகம் பழைய உத்தரவையே உறுதி செய்தது. போக்கியத்தில் இருந்தவர்களுக்கே அக்கா வீட்டை எழுதிக் கொடுத்தாள். பத்திரப்பதிவு 2018 ஜூன் 7. வரியும் அபராதமும் அடுத்த வாரம் கட்டப்பட்டன. அவள் கடையின் பின்பக்கத்திலேயே இருந்தாள்.

அவளுக்குத் தெரியாமல், 2019 ஜனவரியில், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நான் ஒரு மனு போட்டேன். மரத்தடியில் எழுதிய வாக்குமூலத்தின் நகல் வேண்டும் என்று கேட்டேன். வரிமுறை மாறியபோது அலுவலக எல்லைகளும் மாறியதால் கோப்பு வேறிடத்துக்கு அனுப்பப்பட்டிருக்கலாம், தற்போது கைவசம் இல்லை என்று பதில் வந்தது. இன்னொரு அலுவலகத்துக்கு எழுதினேன், அங்கிருந்து பதிலில்லை. அந்தத் தாள் எழுதப்பட்டது என்பதற்கு நான் சாட்சி. அது கோப்பில் சேர்க்கப்பட்டதா, சேர்த்தும் எடுக்கப்பட்டதா, அல்லது மாற்றலாகிப் போனவரின் மேசையிலேயே தங்கிவிட்டதா என்பதை என்னால் சரிபார்க்க முடியவில்லை.